கதவும் திரைச்சீலையும்

ஆகஸ்ட் 4

என் அன்புள்ள கொக்கு அண்ணாவுக்கு,

உன் ஒரே தங்கை, ஒரே தலைவலி, எழுதுவது. நான் நலம். அம்மா நலம், அம்மா ஓட்டும் பள்ளி வேன்தான் இருமுகிறது. அப்பா நலம், அச்சகத்துக்குப் புது மெஷின் வந்ததிலிருந்து எங்களைவிட அதோடுதான் அதிகம் பேசுகிறார். நீ நலமா? உன் கால்கள் நலமா? இரண்டும் தனித்தனியாகப் பதில் சொல்லட்டும்.

கிளப் விடுதியில் போன்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் மட்டும் கொடுக்கிறார்களாமே. அந்தப் பத்து நிமிடத்தையும் அம்மா "சாப்டியா, தூங்கினியா"விலேயே தீர்த்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். கையெழுத்து புரியாவிட்டால் கண்ணை மாற்று.

நீ இரண்டாம் எண் ஜெர்சி போட்டதிலிருந்து தெருவில் எனக்குத் திடீர் மரியாதை. ஆனால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "கதவு மாதிரி வருவானா?" பதினொரு வருடம் நம் கால்பந்து கிளப்பின் வலது பக்கக் காவலில், ரைட் பேக் இடத்தில், நின்ற மனுஷன். அவரைத் தாண்டி யாரும் போனதில்லை, அதனால் கதவு. அவர் பந்தைப் பறித்தால் கிழக்கு காலரியில் தகரப் பலகையை இரண்டு தரம் தட்டுவார்களே, டக், டக், கதவு சாத்தியாச்சு! அவர் ஓய்வு பெற்று ஆறு வருடம். நாலு ரைட் பேக் வந்து போனார்கள். தகரம் சும்மாவே கிடக்கிறது. உனக்காவது தட்டுவார்களா?

பயப்படாதே. போன வருடம் நான் கிளப் பெயரில் ஒரு தேர்வுக் கடிதம் தயாரித்து அனுப்ப, நீ அதை நம்பி விடிகாலை ஐந்து மணிக்கு பூட்ஸும் இரண்டு அவித்த முட்டையுமாக மைதான கேட்டில் போய் நின்றாயே, அதைவிடப் பெரிய அவமானம் இனி உனக்கு வராது.

இப்படிக்கு,
உன் கட்டிலையும் பிடித்துக்கொண்ட
வாலு


ஆகஸ்ட் 21

வாலுவுக்கு,

நலம். இடது கால் உன்னை விசாரித்தது. வலது கால் உன்னோடு பேசுவதில்லையாம், முட்டை விஷயத்தை அது இன்னும் மறக்கவில்லை.

எனக்கு அடுக்குக் கட்டிலில் மேல் தட்டு. உடை மாற்றும் அறையில் கதவு உட்கார்ந்த இடத்தையே கொடுத்திருக்கிறார்கள். பதினொரு வருடத்தில் பலகை குழிந்தே போயிருக்கிறது. அந்தக் குழிக்குள் நான் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் இடம் மிச்சம்.

எதிரே இன்னொரு ரைட் பேக் இருக்கிறான். பெயர் ஸ்டெப்னி. நான் தும்மினால்கூட எழுந்து கைகாலை உதறி வார்ம்-அப் செய்ய ஆரம்பித்துவிடுவான். நல்ல பையன்தான். ஆனால் டிசம்பரில் கோச் எங்கள் இரண்டு பேரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார். மற்றவன் பெட்டியைக் கட்ட வேண்டும்.

ஒரு உதவி. இங்கே எல்லாரும் "நல்லா ஆடினே" என்கிறார்கள், முகம் வேறெதையோ சொல்கிறது. நீ காலரியில் உட்கார்ந்து பார்ப்பவள். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று ஒளிக்காமல் எழுது. அம்மா அப்பாவிடம் என் அன்பைச் சொல்.

உன் அண்ணன்


செப்டம்பர் 5
'மைதான மலர்' ஆசிரியருக்கு

(கடிதங்களைச் சேர்த்து வைத்தபோது எழுதிய குறிப்பு: ஆட்டத்தன்று மைதான வாசலில் விற்கும் எட்டுப் பக்க ஏடு இது, அப்பாவின் அச்சகத்தில்தான் அடிக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் வாசகர் கடிதம் போடுவார்கள். கீழே உள்ளதை எழுதிய பெரியவர் நான்தான். வயதில் ஐம்பது வருடமும் அனுபவத்தில் முப்பத்தைந்து வருடமும் கூட்டிச் சொன்னது. — வாலு)

மதிப்பிற்குரிய ஐயா,

முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கிழக்கு காலரியின் நான்காம் படியில் அமர்ந்து, படியும் உடம்பும் ஒன்றாகத் தேய்ந்துபோன பழைய ரசிகன் எழுதுகிறேன். உடல்நலம் பரவாயில்லை. மனநலம் நம் ரைட் பேக்கின் கையில்.

தராசின் ஒரு தட்டில் கதவு. அவர் எதிராளியை ஒரு பார்வை பார்ப்பார், பந்து தானாக வந்து மன்னிப்புக் கேட்கும். மறு தட்டில் புதுப் பையன். த்ரோ எறியுமுன் வலது காலுறையை மூன்று தரம் இழுத்துவிடுகிறான், அதற்குள் எதிரணி காபி குடித்துவிட்டு வந்து நிற்கிறது. காற்றடித்தால் விலகுகிறான், ஆள் வந்தால் வழிவிடுகிறான். ஐயா, நாம் கேட்டது கதவு. கிளப் மாட்டியிருப்பது திரைச்சீலை.

தங்கள் நலம் நாடும்,
பழைய ரசிகன்


செப்டம்பர் 24

வாலுவுக்கு,

நலம். அங்கே எல்லாரும் நலம்தானே? நீ ஒன்றும் எழுதக் காணோம், பரீட்சையா?

மலரில் ஒரு கிழவர் எழுதியதைப் பார்த்திருப்பாய். சனிக்கிழமை ஓரமாக ஓடிவரும் எதிரணி விங்கர் என்னை ஒரே ஒரு தரம் தாண்டிப் போனான். கிழக்கு காலரி மொத்தமும் கைக்குட்டையை எடுத்து ஆட்டியது. திரைச்சீலையாம். சிரிப்புத்தான் வந்தது. இரண்டாம் தரம் பந்து என்னிடம் வருவதற்கு முன்னாலேயே ஆட்டினார்கள். மூன்றாம் தரம் பந்து வேண்டாம் என்று நினைத்தேன். ஒரு ரைட் பேக் நினைக்கக் கூடாத நினைப்பு.

கோச் அதை அறையில் சத்தமாகப் படித்தார். "இந்தாளுக்கு எழுதத் தெரியுதுடா" என்றார். எனக்கும் கோபம் வரவில்லை. காலுறையை இழுத்துவிடுவதை நானே கவனித்ததில்லை, அவர் கவனித்திருக்கிறார். பொய் சொல்லும் ஆள் இல்லை. அதுதான் உறுத்துகிறது.

ஸ்டெப்னி இப்போதெல்லாம் நான் தும்மும்வரைகூடக் காத்திருப்பதில்லை.

உன் அண்ணன்


அக்டோபர் 4
'மைதான மலர்' ஆசிரியருக்கு

(இதுவும் நானே. முந்தையதைத் துடைக்க. — வாலு)

மதிப்பிற்குரிய ஐயா,

என் நலத்தை விசாரித்து எழுதிய வாசகர்களுக்கு நன்றி, நான்காம் படி இன்னும் என்னைத் தாங்குகிறது.

தராசை மறுபடி எடுக்கிறேன். போன தடவை ஒரு எடைக்கல்லை மறந்துவிட்டேன். கதவு தம் பதினொரு ஆண்டில் ஒரு தரம்கூடக் கடைசி விசிலுக்கு முன் மைதானத்தை விட்டு வெளியே வந்தவர் அல்லர். கால்விரல் முறிந்த நாளிலும் நின்று ஆடினார். இந்தப் பையனைப் பாருங்கள். ஆறு ஆட்டம், ஒரு நிமிடம் வெளியே வரவில்லை. விழுகிறான், எழுகிறான், ஓடுகிறான். துணி கிழியலாம், கம்பி கழலவில்லை. இவனும் விசில் வரை நிற்கும் சாதி. கைக்குட்டையை மடித்துப் பையில் வையுங்கள். மூக்கு ஒழுகினால் மட்டும் எடுங்கள்.

பழைய ரசிகன்


அக்டோபர் 23

என் அருமை வாலுவுக்கு,

நலம், நலம், நலம்! கைக்குட்டை போய்விட்டது. அந்தக் கிழவர் வாழ்க. இப்போது காலரியில் ஒரு பெரிய துணி கட்டியிருக்கிறார்கள், 'விசில் வரை' என்று. நான் விழுந்து எழுந்தால் "விசில் வரை! விசில் வரை!" என்று கத்துகிறார்கள். இன்னும் தகரம் தட்டவில்லை, ஆனால் போன ஆட்டத்தில் ஒருவர் தகரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார், பார்த்தேன். கோச்கூட, "கதவு வெளியவே வந்ததில்லையாமே, நீயும் அப்படித்தான் இருக்கணும்" என்றார்.

அப்பாவிடம் ஒரு பழைய முழங்கால் பட்டை இருக்குமே, அலமாரியின் மேல் தட்டில், பழுப்பு நிறத்தில். அதை அனுப்பு. இங்கே ஒரு பையனுக்கு வேண்டுமாம். அப்பாவைத் தொந்தரவு செய்யாதே, சும்மா எடுத்து அனுப்பு.

மேல் கட்டிலை விட்டுக் கீழே வந்துவிட்டேன். கீழேதான் காற்று நன்றாக வருகிறது.

உன் அண்ணன்


நவம்பர் 3

கொக்கு அண்ணாவுக்கு,

நான் நலம். உன் நலம் அறிய ஆவல். அந்தப் 'பையனின்' நலம் அறிய அதைவிட ஆவல்.

பட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தப் பையனிடம் சில கேள்விகள் கேட்டு எழுது. எந்த முழங்கால்? படி இறங்கும்போது வலிக்கிறதா, ஏறும்போதா? அவன் உயரம் உன் உயரமா? அவன் பேண்ட்டை நீயும் போட்டுக்கொள்வதுண்டா? மேல் கட்டிலில் காற்றே வராமல் போனது அவனுக்கு அடிபட்ட அன்றா, மறுநாளா?

போன சனிக்கிழமை இரண்டாம் பாதியில் நீ ஒரு தரம் திரும்பினாய். உடம்பு திரும்பியது, வலது கால் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பியது. பக்கத்திலிருந்தவர், "பாரும்மா, நொண்டிக்கிட்டே நிக்கிறான், கதவு ரத்தம்டா இவன்!" என்று எழுந்து நின்று கத்தினார். நான் எழுந்து நிற்கவில்லை.

பிசியோவிடம் காட்டு. இது விளையாட்டில்லை.

வாலு


நவம்பர் 11

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். பழைய ரசிகன் நான்தான்.

முதல் கடிதம் வெறும் குறும்பு. நீ படித்துவிட்டுச் சிரிப்பாய், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கைக்குட்டை வந்துவிட்டது. அதை நிறுத்தத்தான் இரண்டாவது. 'வெளியே வந்ததே இல்லை' என்பதை எங்கேயும் படிக்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. வீட்டு மேசையில் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்ததில் வந்தது. உன்னிடம் கதவைப் போல ஏதாவது ஒன்று இருக்க வேண்டுமே என்று தேடினேன். கிடைக்கவில்லை, செய்தேன்.

பழைய ரசிகன் கொடுத்த முகவரி அச்சக முகவரி. நேற்று அங்கே இந்தக் கடிதம் வந்து கிடந்தது. அசலையே அனுப்புகிறேன், படி:

"பழைய ரசிகர் என்பவருக்கு. நான்தான் நீங்கள் கதவு என்று சொல்லும் ஆள். இப்போது லிப்ட் பழுது பார்க்கிறேன். சுகமாக இருக்கிறேன், முழங்கால் இரண்டும் சொந்தமானவை. நான் வெளியே வந்ததே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அறுபத்து மூன்று தடவை வந்திருக்கிறேன். கணக்கு என் மனைவியுடையது, அன்றெல்லாம் ஐஸ் எடுத்து வைத்தது அவள். ஒவ்வொரு தடவையும் நானே கையைத் தூக்கித்தான் கேட்டேன். முடியாத காலோடு நின்றால் என் பக்கமாகத்தான் கோல் விழும், அது எதிரணிக்கும் தெரியும். கால்விரல் முறிந்த அன்று நான் எட்டாவது நிமிடமே வெளியே. முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்து என்னத்தைப் பார்த்தீர்கள்? அந்தப் பையன் நொண்டுவதைப் போன வாரம் டிவியில் பார்த்தேன். நீங்கள் எழுதியதைத் திருப்பி எழுதுங்கள்."

அண்ணா, பிசியோவிடம் போ. இல்லாவிட்டால் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்.

வாலு


நவம்பர் 17

வாலுவுக்கு,

நலம்.

இந்தத் தடவை நான் கேட்டில் போய் நிற்கப்போவதில்லை. கிளப் முத்திரையோடு வந்த கடிதத்தையே நம்பி ஏமாந்தவன் நான். இதற்கு முத்திரைகூட இல்லை, வெறும் எண்ணெய்க் கறை. லிப்ட் எண்ணெயா, அப்பா மெஷின் எண்ணெயா? 'மனைவி ஐஸ் எடுத்து வைத்தாள்' என்பது நல்ல கற்பனை. நீயே பழைய ரசிகன் என்பது அதைவிட நல்ல கற்பனை. அந்தப் பெரியவர் எழுதும் தமிழ் எங்கே, நீ எங்கே.

நீ என்னைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் செய்கிறாய் என்று தெரியும். அதனால் கோபம் இல்லை. ஆமாம், என் முழங்கால்தான். வலது. அக்டோபர் பதினெட்டாம் தேதியிலிருந்து. காலையில் வீங்குகிறது, பட்டையைக் கட்டினால் மதியத்துக்குள் அடங்குகிறது. பிசியோவுக்குத் தெரியாது. தெரிந்தால் ஸ்டெப்னி உள்ளே, நான் வெளியே, அதோடு டிசம்பர் முடிந்தது. சனிக்கிழமை வருபவர்கள் வைத்திருக்கும் விங்கர் லீகிலேயே வேகமானவன். அவன் எதிரே விசில் வரை நின்றுவிட்டால் தகரம் தட்டுவார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுக்கிறேன்.

அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னாலும் இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன். இது விளையாட்டில்லை என்று நீதானே எழுதினாய்.

அண்ணன்


நவம்பர் 22
'மைதான மலர்', கடைசிப் பக்கம்

வாசகர்களுக்கு,

பழைய ரசிகன் என்று ஒருவர் இல்லை. எனக்கு வயது பதினைந்து. நம் ரைட் பேக்கின் தங்கை. போன வருடம் போலித் தேர்வுக் கடிதம் அனுப்பி, அவனை பூட்ஸோடும் இரண்டு அவித்த முட்டையோடும் இந்த மைதான கேட்டில் நிற்க வைத்ததும் நானே. ஒரு முட்டையை வாட்ச்மேனுக்குக் கொடுத்தான். இதை அவன் என்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

திரைச்சீலை என்றது குறும்பு. கதவு விசிலுக்கு முன் வெளியே வந்ததே இல்லை என்றது பொய். அறுபத்து மூன்று தடவை தாமே கையைத் தூக்கி வெளியே வந்திருக்கிறார். அவரே எழுதிய கடிதம் மலர் அலுவலகத்துக்கும் வந்திருக்கிறது, சந்தேகம் இருப்பவர்கள் கேட்டுப் பார்க்கலாம். நீங்கள் எல்லாரும் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. உங்களுக்கு என்ன ஆச்சு?

கட்டிய துணியை அவிழ்த்துவிடுங்கள்.

வாலு


நவம்பர் 30

அண்ணா,

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தேன். நீ தூங்குவதாகச் சொன்னார்கள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாய். பரவாயில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆட்டத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், அச்சகத்துக்குப் போனபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், முழங்காலைத் தவிர. அவர் மெஷினை நிறுத்தினார். மலர் ஆசிரியருக்குப் போன் போட்டார். ஆசிரியர் கத்தியது எனக்கே கேட்டது. கதவின் கடிதம் தன் மேசையிலும் மூன்று நாளாகக் கிடப்பதை அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் சத்தம் குறைந்தது. நான் எழுதிக் கொடுத்ததை அப்பா படித்தார்.

"எதையாவது விட்டுட்டியா?"

"இல்லப்பா."

"என் முழங்கால் பட்டை எங்க?"

நான் மை டப்பாவின் மூடியைத் திருகினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அவனே சொல்லணும்" என்று மெஷினை ஓடவிட்டார். முழங்காலைப் பற்றி ஒரு எழுத்துகூட அச்சில் இல்லை, பார்த்திருப்பாய். அது உன் கையில்.

முப்பத்தொன்றாம் நிமிடம் நீ கையைத் தூக்கினாய். எந்தக் கை என்றுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது, இடது. நான் எழுந்து தகரத்தை இரண்டு தரம் தட்டினேன். பக்கத்திலிருந்தவர், "வெளிய போறவனுக்கு எதுக்கும்மா தட்டுற?" என்றார். வேறு யாரும் தட்டவில்லை. எழுபதாம் நிமிடம் ஸ்டெப்னி அந்த விங்கரிடமிருந்து பந்தைப் பறித்தான். மொத்தக் காலரியும் தட்டியது. காதைப் பொத்திக்கொண்டேன்.

நீ எப்போது எழுதினாலும் சரி. எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். முகத்தில் முழிக்க வேண்டாம், எழுத்தில் முழி.

வாலு


ஜனவரி 18

பழைய ரசிகன் அவர்களுக்கு,

நலம். அதாவது, ஊன்றுகோல் இல்லாமல் குளியலறைவரை நலம். சிகிச்சை முடியும்வரை விடுதிக் கட்டில் எனக்குத்தான், அம்மா அனுப்பிய தலையணையைக் காலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். ஏழு வாரம் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். பாதி உன்மேல், பாதி ஸ்டெப்னிமேல். அவனுக்குத் தட்டிய தகரச் சத்தம் உடை மாற்றும் அறைவரை கேட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

ஆட்டத்தன்று உடை மாற்றும் அறையில் மலரை எல்லார் இடத்திலும் ஒவ்வொன்று வைத்திருந்தார்கள். ஸ்டெப்னி கடைசிப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தான். வாட்ச்மேன் முட்டை வந்ததும் எழுதியது நீயேதான் என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் அந்த எண்ணெய்க் கறையும் நிஜம். கோச், "முழங்கால் எப்படிடா?" என்றார். "நல்லா இருக்கு சார்" என்றேன். பார், குறும்பு நம் குடும்பச் சொத்து.

முப்பத்தொன்றாம் நிமிடம் அந்த விங்கர் பந்தோடு உள்பக்கம் வெட்டினான். நான் திரும்பினேன், முழங்கால் திரும்பவில்லை. விழவில்லை, நின்றுவிட்டேன். அவன் என்னைப் பார்த்தான். கால் முடியவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, அடுத்த பந்து நேரே என் பக்கம்தான் வரும். மணியைப் பார்த்தேன். இன்னும் ஐம்பத்தொன்பது நிமிடம். காலரியில் அந்தத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரு முனை இன்னும் தொங்கியது. கையைத் தூக்கிவிட்டேன்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்து, "இன்னும் பத்து நிமிஷம் ஓடியிருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

டிசம்பரில் ஸ்டெப்னியை வைத்துக்கொண்டார்கள். என்னை விட்டுவிட்டார்கள், கால் சரியானால் ஜூலையில் தேர்வுக்கு வரலாம் என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. கிளப் முத்திரையோடு. நீ அனுப்பியதில்லை என்று அம்மாமேல் சத்தியம் செய்து உடனே எழுது. முட்டை அவிக்க வேண்டும்.

தகரத்தை நீ தட்டியதும் கேட்டது. முதல் இரண்டு தட்டு. யார் என்று அப்போது தெரியாது.

உங்கள் தராசு மறுபடி வெளிவரும் என்றால், இதைப் போட்டுக்கொள்ளுங்கள். கதவு: அறுபத்து மூன்று தடவை. புதுப் பையன்: ஒரு தடவை.

இன்னும் அறுபத்திரண்டு பாக்கி.

அண்ணன்